ஒரு லட்சம் பேருக்கு எத்தனை காவலர்? - வகுப்பறையில் ஒரு பொதுப்பணிக் கணக்கு

பத்தாம் வகுப்பு குடிமையியலில் ‘மாநில அரசு’ பாடத்தை முடிக்கும்போது ஆளுநர், முதலமைச்சர், அமைச்சரவை, சட்டமன்றம் ஆகியவற்றின் அதிகாரங்களை மாணவர்கள் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். ஆனால், “அரசு உங்கள் தெருவுக்கு எந்த உருவத்தில் வருகிறது?” என்று கேட்டால் சற்று யோசிக்கிறார்கள். பிறகு பள்ளி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். காவல் நிலையம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அது வந்ததும் வகுப்பில் குரல்கள் கூடிவிடும். ஒருவர் திரைப்படக் கதாநாயகரைச் சொல்வார். ஒருவர், “கூப்பிட்டால் வரவே மாட்டாங்க சார்” என்பார். பின்வரிசையில் இருக்கும் ஒருவர், “நான் போலீஸ் வேலைக்குத்தான் சார் போகப்போறேன்” என்பார்.

இந்த மூன்று பதில்களையும் வைத்தே ஒரு நல்ல பாடத்தை நடத்தலாம். காவல்துறை நல்லதா கெட்டதா என்ற விவாதம் இதில் இல்லை. ஒரு பொதுப்பணிக்கு எத்தனை ஆட்கள் வேண்டும், அந்த எண்ணை யார் முடிவு செய்கிறார்கள், காகிதத்தில் உள்ள எண்ணுக்கும் தெருவில் நிற்கும் எண்ணுக்கும் ஏன் வேறுபாடு வருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பாடம் இது. ஆறாம் வகுப்பின் விகிதமும் விகிதசமமும், எட்டாம் வகுப்பின் வாழ்வியல் கணிதத்தில் வரும் சதவீதம், ஒன்பதாம் வகுப்பின் புள்ளியியல் ஆகியவை இதற்குப் போதும். சமூக அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து எடுத்தால் மூன்று பாடவேளைகளில் முடிக்கலாம்.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்,
- காவல்துறை எந்த அரசின் பொறுப்பில் உள்ளது என்பதைக் காரணத்துடன் கூறுவர்.
- ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு எத்தனை காவலர் என்ற விகிதத்தைக் கணக்கிடுவர். அந்த விகிதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறிவர்.
- சட்டம் தரும் உரிமைக்கும் அதை நிறைவேற்றத் தேவையான ஆட்பலத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குவர்.
- உதவி எண்களையும் புகார் அளிக்கும் முறையையும் அறிந்திருப்பர்.

முதல் பாடவேளை: இது யாருடைய காவல்துறை?

இந்தியாவுக்கு என்று ஒரே தேசியக் காவல்துறை கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள மாநிலப் பட்டியலில் முதல் இனம் பொது ஒழுங்கு, இரண்டாம் இனம் காவல்துறை. ஆகவே காவலரைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி அளிப்பது, சம்பளம் கொடுப்பது, நிலையம் கட்டுவது எல்லாம் மாநில அரசின் வேலை. ஒன்றிய அரசிடம் மத்திய ரிசர்வ் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை முதலிய படைகள் உள்ளன. எல்லை, தொழிற்சாலை, விமான நிலையம், தேர்தல் என்று அவற்றின் பணி வேறு. ஐ.பி.எஸ். அதிகாரிகளை ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுத்தாலும், அவர்கள் பணியாற்றுவது மாநில அரசின் கீழ்.

நம் மாநிலத்தில் இந்த அமைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாவட்டக் காவல் சட்டம் 1859-இல் வந்தது. இந்தியக் காவல் சட்டம் 1861-இல்தான் வந்தது. அந்த 1861 சட்டத்தின் 22-ஆம் பிரிவு, காவல் அலுவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. இந்த ஒரு வரியை மாணவர்களிடம் சொல்லிவிட்டு, “எப்போதும் பணி என்றால் ஒருவர் எப்போது தூங்குவார்?” என்று கேளுங்கள். இரண்டாம் பாடவேளையின் கணக்கு அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கும்.

அடுத்து உள்ளூர் வரைபடம். எங்கள் மறைமலைநகர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய இந்த ஊர், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தால் துணைநகரமாகத் திட்டமிடப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலை, புறநகர் ரயில், தொழிற்பேட்டை ஆகியவற்றால் வளர்ந்தது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம், ஆவடி ஆகிய இரண்டு புதிய மாநகரக் காவல் ஆணையரகங்கள் செயல்படத் தொடங்கின. மறைமலைநகரும் கூடுவாஞ்சேரியும் தாம்பரம் ஆணையரகத்தின் கீழ் வந்தன. செங்கல்பட்டு, மாமல்லபுரம், மதுராந்தகம் ஆகியவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் உள்ளன. ஆக, ஒரே வருவாய் மாவட்டத்தில் இரண்டு காவல் நிர்வாகங்கள் இருக்கின்றன.

இது வெறும் பெயர்ப்பலகை மாற்றம் அல்ல. மாவட்டத்தில் கூட்டம் கூடத் தடை விதிப்பது போன்ற ஆணைகளை நிர்வாக நடுவர்களான வருவாய்த்துறை அதிகாரிகள் பிறப்பிப்பர். ஆணையரகத்தில் அந்த அதிகாரம் காவல் ஆணையரிடமே இருக்கும். மாணவர்கள் தம் வீடு எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது, அது ஆணையரகமா மாவட்டமா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி வரட்டும். பலருக்கு, பெரியவர்களுக்கும்கூட, அன்றுதான் அது தெரியவரும்.

இரண்டாம் பாடவேளை: எண்களைப் படித்தல்

காவல்துறை ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு என்பது 1970-இல் ஒன்றிய உள்துறையின் கீழ் தொடங்கப்பட்டது. மாநிலங்களின் காவல்துறை பற்றிய தரவுகளை அது தொகுத்து வெளியிடுகிறது. 2020 ஜனவரி 1 நிலவரப்படி நாட்டின் மாநிலக் காவல்துறைகள் அனைத்துக்கும் சேர்த்து அது தந்த எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள்: 26,23,225
பணியில் இருந்தோர்: 20,91,488
காலியிடங்கள்: 5,31,737
ஒரு லட்சம் பேருக்கு, அனுமதிக்கப்பட்ட கணக்கில்: 195.39
ஒரு லட்சம் பேருக்கு, பணியில் இருந்தோர் கணக்கில்: 155.78

இதில் மாணவர்கள் செய்ய வேண்டிய கணக்குகள் மூன்று. முதலாவது, காலியிடச் சதவீதம். 5,31,737-ஐ 26,23,225-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 20.27 வரும். அதாவது ஐந்து நாற்காலிகளில் ஒன்று காலி. இரண்டாவது, ஒரு காவலருக்கு எத்தனை மக்கள்? 1,00,000-ஐ 155.78-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 642. அனுமதிக்கப்பட்ட இடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தால் 512. மூன்றாவது, நம் ஊர்க் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மறைமலைநகர் நகராட்சியில் சுமார் 82 ஆயிரம் பேர். அதை 155.78 என்ற தேசிய விகிதத்தில் கணக்கிட்டால் சுமார் 128 காவலர்கள் வருகிறது.

இந்த இடத்தில் நிறுத்தி, “அப்படியானால் நம் ஊர் நிலையத்தில் 128 பேர் இருப்பார்களா?” என்று கேளுங்கள். இருக்க மாட்டார்கள். ஏன் என்பதுதான் இந்தப் பாடவேளையின் மையம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2009, தொடக்க நிலையில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், உயர் தொடக்க நிலையில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று விகிதம் வகுத்தது. 60 மாணவர்கள் படிக்கும் ஈராசிரியர் பள்ளியில் காகிதப்படி விகிதம் சரியாகவே இருக்கும். ஒருவர் பயிற்சிக்குப் போனால், அன்று ஐந்து வகுப்புகளுக்கும் இருப்பவர் ஒருவர்தான். மாற்றுப்பணி, வாக்காளர் பட்டியல் பணி, மருத்துவ விடுப்பு எதுவும் விகிதத்தில் தெரியாது. காவல்துறையின் விகிதமும் அப்படித்தான்.

அந்த 155.78-இல் நிலையக் காவலர் மட்டும் இல்லை. ஆயுதப்படை, சிறப்புக் காவல் படை, போக்குவரத்துப் பிரிவு, நுண்ணறிவுப் பிரிவு, குற்றப்பிரிவுகள், பயிற்சி மையங்கள், தொழில்நுட்பப் பிரிவு எல்லாம் அடங்கும். வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. மக்கள்தொகை என்பது குடியிருப்போர் கணக்கு. மறைமலைநகரின் தொழிற்சாலைகளுக்குத் தினமும் வெளியூரிலிருந்து வந்து போவோர், வாடகை அறைகளில் தங்கியுள்ள வடமாநிலத் தொழிலாளர்கள், ஜி.எஸ்.டி. சாலையில் கடந்து போகும் வண்டிகள், விடுமுறை நாட்களில் மாமல்லபுரத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் ஆகியோர் அதில் முழுமையாக வருவதில்லை. அதிலும் 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011-இன் எண்ணை வைத்தே பல திட்டங்கள் ஓடின. வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகும் ஆசிரியரின் பேனா, ஓர் ஊருக்கு எத்தனை காவலர் என்பது வரை தொடர்கிறது என்று இங்கே சொல்லலாம்.

செயல்பாடு: கற்பனைக் காவல் நிலையம்

உண்மையான நிலையத்தின் பணிப்பட்டியலை வகுப்பில் வைக்க வேண்டாம். அது பாதுகாப்பு தொடர்பானது. கற்பனையாக ஒரு நிலையத்தை அமைப்போம். அனுமதிக்கப்பட்டவர் 50 பேர். தேசிய சராசரி போல ஐந்தில் ஒன்று காலி என்றால், இருப்பவர் 40 பேர். வகுப்பில் 40 மாணவர்கள் இருந்தால் அவர்களையே நிற்கவைத்துச் செய்யலாம். குறைவாக இருந்தால் புளியங்கொட்டைகள் போதும்.

வார விடுப்பு: வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்றால், எந்த நாளிலும் ஏழில் ஒரு பங்கினர், அதாவது சுமார் 6 பேர் பணியில் இல்லை. மீதி 34.
பிற விடுப்பு, பயிற்சி: 4 பேர். மீதி 30.
நீதிமன்றப் பணி, சம்மன் சார்பு செய்தல், கைதி வழிக்காவல்: 5 பேர். மீதி 25.
பந்தோபஸ்து, அயல்பணி: 4 பேர். மீதி 21.
ரைட்டர், கணினிப் பதிவு, வரவேற்பு: 3 பேர். மீதி 18.
மூன்று வேளைகளாகப் பிரித்தால், வேளைக்கு 6 பேர்.
ஒவ்வொரு வேளையிலும் நிலையத்தில் பாரா நிற்பவர் ஒருவர். மீதி 5.

பலகையில் 50 என்று எழுதப்பட்ட நிலையத்தில், ஒரு வேளையில் தெருவுக்கு வரக்கூடியவர் 5 பேர். இருவர் இருவராக இரண்டு ரோந்து வண்டிகள். அவசர அழைப்புக்கு ஒருவர். ஒரே நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு விபத்தும், ஒரு குடும்பத் தகராறும், ஒரு கடையில் திருட்டும் நடந்தால் மூன்றாவதாக அழைத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். “கூப்பிட்டால் வரவே மாட்டாங்க” என்ற மாணவரிடம் இந்தக் கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். அவருடைய அனுபவத்தை மறுப்பதற்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. தாமதத்துக்குள் அலட்சியமும் இருக்கலாம், ஆள் இல்லாமையும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்த குடிமகனே சரியான கேள்வியைச் சரியான இடத்தில் கேட்பார்.

இப்போது எண்ணை மாற்றிப் பாருங்கள். காலியிடங்கள் நிரம்பி 50 பேரும் இருந்தால்? வார விடுப்பு 7, பிற விடுப்பும் பயிற்சியும் 5. நீதிமன்றம் 5, பந்தோபஸ்து 4, அலுவலகம் 3 ஆகியவை மாறாது. மீதி 26. மூன்று வேளைக்கும் பாராவுக்கு 3 பேர் போக, தெருவுக்கு நாளொன்றுக்கு 23 பேர். முன்பு 15 பேர். ஆட்கள் கூடியது 25 சதவீதம். தெருவில் கூடியது 53 சதவீதம். எதிர்ப்பக்கமும் பாருங்கள். 40 பேர் 30 ஆகக் குறைந்தால், வார விடுப்பு 4, பிற விடுப்பு 3, மாறாத பணிகள் 12 போக மீதி 11. பாரா 3 போனால் தெருவுக்கு 8. ஆட்கள் குறைந்தது 25 சதவீதம். தெருவில் குறைந்தது 47 சதவீதம்.

நிலையத்துக்குள் குறைக்க முடியாத வேலைகள் முதலில் ஆட்களை எடுத்துக்கொள்கின்றன. அதனால் காலியிடத்தின் சுமை முழுவதும் ரோந்தின் மேல் விழுகிறது. அல்லது விடுப்பின் மேல் விழுகிறது. விடுப்பை ரத்து செய்தால் தெருவில் ஆள் கூடும். அதற்கான விலையைக் காவலரின் உடல்நலமும் குடும்பமும் கொடுக்கும். 2021-இல் தமிழ்நாடு அரசு காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு அளிக்க ஆணையிட்டது. பணியிடம் நிரம்பாமல் ஓய்வு மட்டும் கொடுக்க முடியுமா என்ற கேள்வியை மாணவர்கள் இந்தக் கணக்கைக் கொண்டே விவாதிக்கலாம். வகுப்பில் காவலர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை இருந்தால் இந்த விவாதம் இன்னும் பொருளுடன் நடக்கும். ஆனால் அவரை நிற்கவைத்துக் கேட்க வேண்டாம். அவர் விரும்பினால் பேசட்டும்.

மேல்வகுப்புக்கு இன்னொரு கணக்கு: ஓர் இடத்தில் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் ஒருவர் நிற்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். 52 வாரத்துக்கு 8,736 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம், விடுப்பும் பயிற்சியும் போக ஆண்டில் 46 வாரம் வேலை செய்கிறார் என்றால் 2,208 மணி நேரம். 8,736-ஐ 2,208-ஆல் வகுத்தால் 3.96. ஆக ஒரு பாரா என்பது நான்கு ஆட்கள். “கடற்கரையில் ஒரு போலீஸை நிறுத்தினால் என்ன?” என்று எளிதாகக் கேட்கிறோம், கேட்பது நான்கு பணியிடங்களை.

பந்தோபஸ்து என்னும் கடன்

நம் மாவட்டத்துக்கு இது தனிப்பொருள் கொண்டது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். 2022 ஜூலை, ஆகஸ்டில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் அங்கே நடந்தது. 1984 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக உள்ள ஊர் என்பதால் அதற்குச் சாதாரண நாளிலேயே கூட்டம் உண்டு. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் தீபாவளி, பொங்கல் கூட்டமும் இப்பக்கம் திரும்பியது. பெரிய நிகழ்ச்சிகளின்போது பிற மாவட்டங்களிலிருந்து காவலர்கள் வரவழைக்கப்படுகிறார்கள். வந்தவர்கள் எல்லாம் எங்கோ ஒரு நிலையத்தின் 40 பேரில் இருந்து வந்தவர்களே. அந்த நாட்களில் அந்த நிலையத்தின் தெருக்கணக்கு என்னவாயிருக்கும் என்று மாணவர்கள் கணக்கிடட்டும். நம் ஊர்க் காவலர் வேறு ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போதும் இதே கணக்குதான்.

எத்தனை பேர் இருந்தால் போதும்?

மாணவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. போட்டித் தேர்வுக் கையேடுகளில் ‘ஐ.நா. பரிந்துரை’ என்று ஓர் எண் அடிக்கடி வரும். எந்த ஆவணம், எந்த ஆண்டு என்ற விவரம் அதனுடன் வருவதில்லை. மூலம் இல்லாத எண்ணை அளவுகோலாக வைக்கக் கூடாது என்பதும் ஒரு பாடம். மூலத்துடன் சொல்லக்கூடியது, 2010-இல் ஐ.நா.வின் குற்றத்தடுப்பு அலுவலகத்துடன் இணைந்து வெளியான பன்னாட்டுப் புள்ளிவிவரத் தொகுப்பு. அதன்படி 2006-இல் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 300 காவலர் என்பது நாடுகளின் இடைநிலை அளவு. அது நாடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண். எல்லோரும் எட்ட வேண்டிய இலக்கு அல்ல. ஒன்பதாம் வகுப்பில் கூட்டுச்சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் உள்ள வேறுபாட்டை நடத்தும்போது இது பொருத்தமான எடுத்துக்காட்டு.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு இரண்டு வெளிநாட்டு அனுபவங்கள் உண்டு. 1972-73-இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஒரு பரிசோதனை நடந்தது. 15 ரோந்துப் பகுதிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒன்றில் வழக்கமான ரோந்தை நிறுத்தி, அழைப்பு வந்தால் மட்டும் சென்றனர். ஒன்றில் ரோந்தைக் கூட்டினர். மற்றதை அப்படியே விட்டனர். குற்றத்திலும் மக்களின் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வண்டி சுற்றுவதைவிட, காவலர் என்ன செய்கிறார் என்பது முக்கியம் என்ற ஆய்வுகளுக்கு அது வழி திறந்தது.

இரண்டாவது இங்கிலாந்து, வேல்ஸ். 2010-க்குப் பிந்தைய சிக்கனத்தில் அங்கே சுமார் 20,000 காவலர் இடங்கள் குறைந்தன. 2019-இல் 20,000 பேரைப் புதிதாகச் சேர்க்கும் திட்டம் அறிவிக்கப்பட்டு, 2023 மார்ச்சில் இலக்கு எட்டப்பட்டது. ஆனால் அப்போது காவலரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு அனுபவம்கூட இல்லாதவர்கள். எண்ணைச் சில ஆண்டுகளில் திருப்பிவிடலாம். சாட்சியிடம் எப்படிப் பேசுவது, தகராறை எப்படித் தணிப்பது என்ற அனுபவம் அவ்வளவு விரைவில் திரும்பாது. பல ஆண்டுகள் ஆசிரியர் நியமனம் இல்லாமல் இருந்து, பிறகு மொத்தமாக நியமனம் நடந்த பள்ளிகளை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

மூன்றாம் பாடவேளை: உரிமையும் ஆட்பலமும்

போக்சோ சட்டம் 2012, குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் முறையை வகுத்துள்ளது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடியவரை, உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர் பதிவு செய்ய வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. எக்காரணத்துக்காகவும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது.

இவை ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். 2020-இன் அதே தேசியக் கணக்கில், காவல்துறையில் பெண்கள் 10.3 சதவீதமே. 33 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்று ஒன்றிய உள்துறை 2013-இலேயே மாநிலங்களை அறிவுறுத்தியது. தமிழ்நாடு 1973-இல் பெண்களைக் காவல் பணியில் சேர்க்கத் தொடங்கியது. மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. அதனால் நம் மாநிலம் தேசிய சராசரிக்கு மேலே நிற்கிறது. ஆனாலும் ‘கூடியவரை’ என்று சட்டம் எழுதிய சொல், ஒரு பெண் உதவி ஆய்வாளர் அன்று பணியில் இருக்கிறாரா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் பொருள்படுகிறது. மேல்வகுப்பு மாணவியரிடம் இதை விளக்கினால், ‘நிதி ஒதுக்கீடு’, ‘காலிப்பணியிடம்’ ஆகிய சொற்கள் செய்தித்தாள் சொற்களாக மட்டும் இருக்காது.

நாம் நினைவில் வைக்க வேண்டியதும் ஒன்று உண்டு. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தால் தெரிவிக்க வேண்டியது போக்சோ 19-ஆம் பிரிவின்படி நம் சட்டக் கடமை. தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. “நிலையத்துக்குப் போனால் பிள்ளையை அலையவிடுவார்கள்” என்ற தயக்கம் அந்தக் கடமையை நீக்காது. மேலே சொன்ன முறைகளைத் தெரிந்து வைத்திருந்தால், அவற்றைக் கேட்டுப் பெற முடியும்.

பொறுப்புடைமையும் இதே பாடவேளையில் வர வேண்டும். சில மாணவர்களுக்குக் காவல் நிலையம் அச்சம் தரும் இடம். அதற்கு அவர்கள் குடும்பத்தில் காரணமும் இருக்கலாம். அதை விளையாட்டாகக் கடந்துபோகக் கூடாது. கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய விதிகளை டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது அவற்றுள் ஒன்று. 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்த ஆணையிட்டது. புலனாய்வைப் பிரிக்கத் தனி ஆட்கள் வேண்டும்; கேமராவுக்குப் பராமரிப்புச் செலவு வேண்டும். ஆள் பற்றாக்குறை தாமதத்துக்குக் காரணமாகலாம். கை ஓங்குவதற்கு அது காரணமாகாது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

உதவி எண்களை ஒவ்வொரு மாணவரும் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதட்டும்: அவசர உதவி 112, குழந்தைகள் உதவி 1098, பெண்கள் உதவி 181, இணையவழிப் பணமோசடி 1930, பள்ளிக்கல்வித் துறை உதவி மையம் 14417. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்பதையும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது என்பதையும் சொல்லலாம். நிலைய எல்லைகள் அருகருகே மாறும் எங்கள் பகுதியில் இது பயனுள்ள செய்தி.

பின்வரிசை மாணவருக்கு

“போலீஸ் வேலைக்குப் போகப்போறேன்” என்ற மாணவருக்கு நாம் சொல்லக்கூடியவை சில உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வை நடத்துவது, 1991-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. உயரம் பொதுவாக ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ.; பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் முறையே 167, 157. தமிழ்மொழித் தகுதித் தேர்வில் தேறினால்தான் முதன்மை எழுத்துத் தேர்வு மதிப்பெண் கணக்கில் வரும். எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6 என மதிப்பெண் பகுக்கப்பட்டு வந்துள்ளது. அந்த 6 மதிப்பெண்ணுக்கான வேலை பள்ளியில்தான் தொடங்குகிறது. குறுவட்டப் போட்டிச் சான்றிதழைக்கூடப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்; எந்தச் சான்றிதழ் ஏற்கப்படும் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர் காவல் படை உள்ள பள்ளிகளில் எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் காவல் நிலையத்தைப் பார்வையிடும் வாய்ப்பு உண்டு. கேரளத்தில் 2010-இல் தொடங்கி, 2018-இல் தேசிய அளவுக்கு விரிந்த திட்டம் அது. மற்றப் பள்ளிகள் தலைமையாசிரியர் வழியாக முன் அனுமதி பெற்று ஆய்வாளரையோ ரைட்டரையோ வகுப்புக்கு அழைக்கலாம். வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம் இருப்பது நம் மாவட்ட மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

மதிப்பீட்டு வினாக்கள்

1. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஏற்படும் நன்மை ஒன்றும் சிக்கல் ஒன்றும் எழுதுக.
2. 60 பேர் அனுமதிக்கப்பட்டு 45 பேர் பணியாற்றும் கற்பனை நிலையத்துக்கு, மேற்கண்ட முறையில் தெருக்கணக்கைச் செய்து காட்டுக. ஐந்து பேரைப் பத்து நாட்கள் வெளியூர் பந்தோபஸ்துக்கு அனுப்பினால் என்ன மாறும்?
3. உங்கள் பள்ளியின் மாணவர் - ஆசிரியர் விகிதத்தைக் கணக்கிடுக. ஒரு வாரத்தில் எந்த நாளில் அந்த விகிதம் உண்மையில் நிலவியது?
4. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் காவல்துறை மானியக் கோரிக்கையின் கொள்கை விளக்கக் குறிப்பிலிருந்து, நம் மாநிலத்தின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களையும் பணியில் உள்ளோரையும் எடுத்து எழுதுக. காலியிடச் சதவீதம் என்ன? 2020-இன் தேசிய அளவுடன் ஒப்பிடுக.
5. “புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை” என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ஆள் பற்றாக்குறையா, அலட்சியமா என்று அறிய அவரிடம் நீங்கள் கேட்கும் மூன்று கேள்விகளை எழுதுக.

ஐந்தாம் வினாவுக்கு விடைக்குறிப்பு வேண்டாம். மாணவர்கள் எழுதும் கேள்விகளைத் தொகுத்து வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். அழைத்த நேரம் என்ன, எந்த எண்ணை அழைத்தார், புகாருக்கு ரசீது வாங்கினாரா என்று ஒரு மாணவர் எழுதியிருந்தால், இந்த மூன்று பாடவேளைகளும் பயன்பட்டன என்று எடுத்துக்கொள்ளலாம்.